துண்டுக்கு அடியில் ஒரு விலை

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில், நாமக்கல்லை எட்டுவதற்குச் சற்று முன்னால் புதன்சந்தை. இங்கே வாராவாரம் கூடும் மாட்டுச் சந்தைக்குச் சுற்றுவட்டார விவசாயிகளோடு கேரள, கர்நாடக வியாபாரிகளும் வருகிறார்கள். ஒரு கறவை மாட்டைச் சுற்றி நாலைந்து பேர் நின்றால் பேச்சுக்குக் குறைவிருக்காது. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். மடியைத் தடவி, காம்பைப் பிழிந்து, இத்தனை லிட்டர் கறக்குமா என்று கேட்பார்கள். நாலடி நடத்திக் காட்டச் சொல்வார்கள். எல்லாமே ஊர் கேட்கும்படி நடக்கும். விலை என்று வந்ததும் பேச்சு நின்றுவிடும். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விற்பவரின் கைமேல் போட்டு, தன் கையையும் உள்ளே விடுவார். துண்டு லேசாக அசையும். ஒருவர் தலையை ஆட்டி மறுப்பார். கையை உதறப் பார்ப்பார். தரகர் விடாமல் மறுபடி பிடிப்பார். அரை முழ தூரத்தில் நிற்பவருக்குக்கூட என்ன விலை ஓடுகிறது என்று தெரியாது.

ரகசியக் கைப்பிடி என்றதும் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறொரு கூட்டம்: ஃப்ரீமேசன்கள். கைகுலுக்கும் விதத்திலேயே ஒருவரையொருவர் அடையாளம் காண்பவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு சடங்கு செய்பவர்கள், மூலைமட்டத்தையும் கவராயத்தையும் சின்னமாக வைத்திருப்பவர்கள். உலகத்தையே மறைவில் இருந்து ஆட்டுவிப்பவர்கள் என்று அவர்களைப் பற்றிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கதைகளை விட்டுவிட்டு, ரகசியம் என்பது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு நான் முதலில் காட்ட விரும்புவது புதன்சந்தைத் துண்டைத்தான். அங்கே ரகசியத்தின் எலும்புக்கூடு அப்படியே தெரிகிறது.

விரல் கணக்கு எளிமையானது. எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை எண். எந்தக் கணுவைத் தொட்டால் அரை, எப்படி அழுத்தினால் கூட்டல் என்பதில் சந்தைக்குச் சந்தை சிறு வேறுபாடு இருக்கலாம். தரகர் நாலு விரலைச் சேர்த்துப் பிடித்து, விட்டு, பிறகு இரண்டு விரலைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலும் இரண்டும். அது 42 ரூபாயா, 4,200 ரூபாயா, 42,000 ரூபாயா? விரல் அதைச் சொல்லாது. எதிரே நிற்கும் மாடு சொல்லிவிடும். கன்றோடு நிற்கும் நல்ல கறவை மாட்டை 4,200 ரூபாய்க்கு யாரும் கேட்கப்போவதில்லை. நாம் தாளில் எழுதும்போது பூஜ்ஜியங்கள் செய்யும் வேலையை இங்கே மாடே செய்துவிடுகிறது. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லி, இருவருக்கும் முன்பே தெரிந்ததை விட்டுவிடும் இந்தச் சிக்கனம் எனக்குத் தீராத வியப்பு. தகவல் கோட்பாடு படித்த பொறியாளர் ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்தாலும் இதைவிடச் சுருக்க முடியுமா என்பது சந்தேகம்.

இது கொங்கு நாட்டுக்கு மட்டும் உரியதும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டுக்கு வந்த இத்தாலியப் பயணி வர்த்தேமா, அங்கே வணிகர்கள் துணிக்கு அடியில் விரல்களைத் தொட்டு, வாய் திறக்காமல் பேரம் முடிப்பதை எழுதி வைத்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் கோல்கொண்டா வைரச் சுரங்கங்களுக்கு வந்த பிரெஞ்சு மணி வியாபாரி தவேர்னியே இன்னும் துல்லியமாக எழுதினார். முழுக் கையையும் பிடித்தால் ஆயிரம், ஒரு விரலுக்கு நூறு, நடுக்கணு வரை பிடித்தால் ஐம்பது, நுனியை மட்டும் பிடித்தால் பத்து. பலர் கூடியிருக்கும் இடத்திலேயே ஒரே வைரப் பொட்டலம் ஏழெட்டு முறை கைமாறும், யார் என்ன விலைக்கு வாங்கினார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது என்கிறார் அவர்.

தவேர்னியே புத்தகத்திலேயே அச்சடித்துவிட்ட பிறகு இது என்ன ரகசியம்? அதுதான் விஷயமே. முறை ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. சந்தைக்கு அப்பாவோடு வரும் பள்ளிக்கூடத்துப் பையனுக்குக்கூட விரல் கணக்கு தெரியும். தெரியாதது, இந்த நொடியில் இந்தத் துண்டுக்கு அடியில் ஓடும் எண் மட்டும். 1883-ல் கெர்க்ஹாஃப்ஸ் என்ற மொழியியலாளர் ராணுவச் சங்கேதங்களைப் பற்றி எழுதியபோது இதையே ஒரு விதியாக வைத்தார்: சங்கேத முறை எதிரியின் கையில் அகப்பட்டாலும் கெடுதல் வரக் கூடாது, சாவி மட்டும் மறைந்திருந்தால் போதும். இன்றைக்கு நாம் செல்போனில் பணம் அனுப்பும்போது ஓடும் குறியாக்கமும் இந்த விதிப்படிதான். அதன் கணித முறை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சாவி மட்டும் நம்முடையது.

துண்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. குரல் நாலா பக்கமும் பரவும். கையசைவை எதிரில் உள்ள எல்லோரும் பார்க்கலாம். தொடுகை மட்டும் தொட்டவர்கள் இருவரோடு நின்றுவிடும், ஒட்டுக்கேட்க வழியே இல்லை. மலையாளம் பேசுகிறவரும் கன்னடம் பேசுகிறவரும் தமிழ் பேசுகிறவரும் ஒரே சந்தையில் நிற்கும்போது, விரலுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்பது கூடுதல் வசதி.

சரி, விலையை ஏன் மறைக்க வேண்டும்? ஒரு மாட்டை 38,000-க்குக் கேட்டு, விற்பவர் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இது வெளியே கேட்டுவிட்டால், அடுத்து வருகிறவர் 38-லிருந்துதான் தொடங்குவார். 'அவரே முப்பத்தெட்டுக்கு மேல போகல, நான் எதுக்குப் போகணும்?' என்பார். நேரம் ஆக ஆக மாடு சந்தையில் அடிபட்டுப்போகும். மறுபக்கம், வெளியூர்ப் பெரிய வியாபாரி ஒரு மாட்டுக்கு 45,000 கொடுத்தது தெரிந்துவிட்டால், அவர் வாங்க நினைக்கும் மற்ற பத்து மாடுகளுக்கும் அதே விலையைச் சொல்வார்கள். ஒவ்வொரு பேரமும் மற்ற பேரங்களைத் தொற்றாமல் இருக்கத்தான் துணி.

இதே நாமக்கல்லில் ரகசியமே இல்லாத வியாபாரமும் நடக்கிறது. முட்டை விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது, செய்தித்தாளில் வருகிறது, சென்னை மளிகைக்கடைக்காரருக்கும் அது தெரியும். காரணம் பொருளில் இருக்கிறது. ஒரு முட்டையைப் போல இன்னொரு முட்டை இருக்கும், ஒரு விலையைச் சொன்னால் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரு மாட்டைப் போல இன்னொரு மாடு இருக்காது. அதன் வயது, ஈத்து, மடி, குணம் எல்லாம் தனித்தனி. ஒரே அச்சான பொருளுக்குத் திறந்த விலையும், ஒவ்வொன்றும் தனியான பொருளுக்கு மறைந்த பேரமும் அமைவது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. நாமக்கல், திருச்செங்கோடு கூட்டுறவுச் சங்கங்களில் பருத்தி ஏலம் நடக்கும்போது பார்க்க வேண்டும். குவியல் குவியலாகப் பருத்தி. வியாபாரிகள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து இழையைப் பிரித்துப் பார்த்து, தங்கள் விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். யார் எவ்வளவு எழுதினார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. பிறகு சீட்டுகளைப் பிரித்து, கூடுதலாக எழுதியவருக்கு அந்தக் குவியல். மறைமுக ஏலம் என்று இதற்குப் பெயர். மூடிய சீட்டு ஏலத்தின் கணக்கை 1961-ல் ஆராய்ந்து எழுதிய வில்லியம் விக்ரே 1996-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். இங்கேயும் ரகசியம் இருக்கிறது, ஆனால் அதன் ஆயுள் கொஞ்ச நேரம்தான். வியாபாரிகள் தங்களுக்குள் கூடிப்பேசி விலையை அமுக்காமல் இருக்க மூடுகிறார்கள். வேலை முடிந்ததும் விவசாயியின் கண்ணெதிரே திறக்கிறார்கள். துண்டுக்கு அடியில் முடிந்த விலையை யாரும் திறந்து காட்டுவதில்லை.

ஆகவே ரகசியம் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. யாரிடமிருந்து மறைக்கிறார்கள், எவ்வளவு நேரத்துக்கு, யாருடைய நன்மைக்கு என்று கேட்க வேண்டும். இந்த மூன்று கேள்விகளோடு ஃப்ரீமேசன்களிடம் போவோம்.

அவர்களுடைய சடங்குகளுக்கு வேர், ஐரோப்பாவில் நிஜமாகவே கல் செதுக்கிக் கட்டடம் கட்டிய தச்சர்களிடம் இருக்கிறது. ஒரு ஊரில் தேவாலயமோ கோட்டையோ கட்டி முடிந்ததும், கல்தச்சர் உளியோடு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். போன இடத்தில் அவரை யாருக்கும் தெரியாது. சான்றிதழ் காட்டும் காலமும் இல்லை. ஒழுங்காகக் குருவிடம் இருந்து தொழில் கற்றவரா, அரைகுறையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்காட்லாந்தில் அரசரின் கட்டடத் தலைவராக இருந்த வில்லியம் ஷா 1598-லும் 1599-லும் கல்தச்சர் குழுக்களுக்கு எழுத்தில் விதிகள் வகுத்தார். நினைவாற்றலைச் சோதிக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அடுத்த சில பத்தாண்டுகளில் 'மேசன் சொல்' என்ற ஒன்று தச்சர்களிடம் இருப்பதாக வெளியாட்கள் பேசிக்கொள்ளும் அளவுக்கு அது பரவியிருந்தது. சொல்லும் கைப்பிடியும்தான் சான்றிதழ். முன்பின் தெரியாதவரை நம்ப ஒரு வழி வேண்டியிருந்தது. புதன்சந்தைத் துண்டு விலையை மறைக்கிறது; இந்தக் கைப்பிடி ஆளை அடையாளம் காட்டியது.

பிறகு தச்சுத்தொழிலே தெரியாத கனவான்கள் அந்தக் குழுக்களில் சேரத் தொடங்கினார்கள். 1717-ல் லண்டனில் பெருமன்றம் அமைத்ததாக அவர்களுடைய மரபு சொல்கிறது. 1723-ல் ஆண்டர்சன் தொகுத்த விதிநூல் வந்தது. உளி போய், உளியைப் பற்றிய உருவகங்கள் வந்தன. மூலைமட்டம் நேர்மையைக் குறிக்கும், கவராயம் ஆசைக்கு வரம்பு கட்டும், செதுக்காத கல் பக்குவப்படாத மனிதன், செதுக்கிய கல் பக்குவப்பட்டவன். நம் கொத்தனார் தினமும் பையில் போட்டுக்கொண்டு போகும் சாமான்கள்தான் எல்லாம். கருவியைச் சின்னமாக்குவது நமக்கும் புதிதில்லை. இடைக்காலத் தமிழ்நாட்டில் உழவர்களின் பெரிய அமைப்பாக இருந்த சித்திரமேழிப் பெரியநாட்டார் கலப்பையைச் சின்னமாகக் கொண்டார்கள். அவர்கள் அதைக் கல்லில் பொறித்து எல்லோருக்கும் காட்டினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர்களோடு இந்தச் சங்கமும் வந்தது. சென்னையில் முதல் மன்றம் 1752-ல். 1770களின் நடுவில் திருச்சியில், ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா உறுப்பினரானார். இந்தியர்களில் முதலில் சேர்ந்தவர்களில் அவர் ஒருவர். 1884-ல் கல்கத்தாவில் சேர்ந்த இளைஞர் நரேந்திரநாத் தத்தர் பிற்காலத்தில் விவேகானந்தர் ஆனார். எழும்பூரில் 1920களில் எழுந்த ஃப்ரீமேசன் மண்டபம் இன்றும் இருக்கிறது. 1961-ல் இந்தியாவுக்கென்று தனிப் பெருமன்றமும் உருவானது. வட இந்தியாவில் பொதுமக்கள் இந்த மண்டபங்களை 'ஜாதூகர்', மந்திரவீடு என்று அழைத்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் மனம் தானாகவே பேயையும் மந்திரத்தையும் கொண்டுவந்து நிரப்பிவிடுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். புதிதாகச் சேருகிறவரின் கண்ணைக் கட்டுவார்கள். கழுத்தில் கயிறு போடுவார்கள். மார்பின் ஒரு பக்கத்தைத் திறந்து கூர்முனையை வைத்துச் சத்தியம் வாங்குவார்கள். மூன்றாம் படியில், சாலமோன் கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சர் ஹிராம், ரகசியச் சொல்லைச் சொல்ல மறுத்ததால் கொல்லப்பட்ட கதையை நாடகமாக நடத்தி, சேருகிறவரையே ஹிராமாகக் கீழே சாய்த்து எழுப்புவார்கள். இதை எழுதுவதால் நான் எந்த ரகசியத்தையும் உடைக்கவில்லை. 1730-லேயே சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் சடங்குகளைக் கேள்வி பதிலோடு அச்சிட்டு லண்டனில் விற்றுவிட்டார். அமோகமாக விற்றது. சங்கம் அதனால் அழிந்துபோகவில்லை, வளர்ந்தது. போப் பன்னிரண்டாம் கிளெமென்ட் 1738-ல் தடை போட்ட பிறகும் வளர்ந்தது.

ஊரறிந்த ரகசியத்தை இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டிக்காப்பது ஏன்? ஜெர்மன் சமூகவியலாளர் கேயோர்க் சிம்மல் 1906-ல் இதற்கு ஒரு விடை சொன்னார். ரகசியத்தின் உள்ளடக்கத்தைவிட, அதைச் சேர்ந்து காப்பது என்ற செயல்தான் மனிதர்களைப் பிணைக்கிறது என்பது அவர் பார்வை. சோதனைச் சாலையிலும் ஒரு தடயம் கிடைத்தது. 1959-ல் எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் கல்லூரி மாணவிகளை ஒரு விவாதக் குழுவில் சேர்த்தார்கள். சிலர் சேருவதற்கு முன் கூச்சம் தரும் சொற்களை ஓர் ஆணின் முன் உரக்கப் படிக்க வேண்டும். சிலருக்கு எளிய சோதனை. சிலருக்குச் சோதனையே இல்லை. பிறகு எல்லோரும் கேட்டது ஒரே விவாதத்தை, வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி தயாரித்தது. கடுமையாகச் சோதிக்கப்பட்டவர்கள்தான் அது சுவையாக இருந்தது என்றார்கள். கஷ்டப்பட்டு நுழைந்த இடம் மட்டமாக இருக்கும் என்று ஒப்புக்கொள்ள மனம் தயங்குகிறது. கண்கட்டும் கயிறும் எதற்கு என்பதற்கு இது ஒரு பகுதி விளக்கம்.

முழு விளக்கம் என்று சொல்ல மாட்டேன். தொழிலில் நிஜமான ரகசியம் ஒன்றும் இருந்தது, அதை இன்னும் கண்ணால் பார்க்கலாம். சேலத்துக்கு மேற்கே தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனால், அப்பகுதியை ஆண்ட கட்டி முதலிகள் காலத்துத் தூணில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை. விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது, பற்கள் மறிக்கின்றன. உருண்டையைப் பிறகு உள்ளே வைத்திருக்க முடியாது. பல் இடுக்கு வழியாக உளியை விட்டு, அதே கல்லில் இருந்து உள்ளேயே செதுக்கிப் பிரித்திருக்கிறார்கள். அதே கோயிலில் ராமன் இருக்கும் தூணருகே நின்றால் வாலியும் சுக்ரீவனும் சண்டையிடுவது தெரியும்; வாலியின் பக்கம் போய் நின்று பார்த்தால் ராமன் தெரியமாட்டான். மறைந்து நின்று அம்பெய்த கதையைப் பார்வைக் கோணங்களிலேயே செதுக்கிவிட்டார்கள். இந்த ரகசியம் பட்டப்பகலில் எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. எப்படிச் செய்தார்கள் என்று ஊகிக்கவும் முடிகிறது. செய்யத்தான் முடியாது. அது கையில் குடியிருக்கும் அறிவு.

ஐரோப்பியத் தச்சர்களும் இதை உணர்ந்தே இருந்தார்கள். தரைப்படத்தில் இருந்து கோபுர உயரத்தை வடிக்கும் வித்தையைத் தொழிலில் இல்லாதவருக்குக் கற்றுத்தரக் கூடாது என்று 1459-ல் ரேகன்ஸ்பூர்க் நகரில் கூடி விதி செய்தார்கள். 1486-ல் அதே நகரின் தலைமைத் தச்சர் மத்தேஸ் ரோரிட்சர் அந்த வித்தையைச் சிறு நூலாக அச்சிட்டுவிட்டார். நூலைப் படித்ததால் யாரும் தச்சர் ஆகிவிடவில்லை.

சின்னங்களுக்கும் வேலை உண்டு. சந்தையில் மாட்டின் உடம்பே ஒரு சின்னப் புத்தகம். ரோமம் சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்து கோபுரச் சுழி, லட்சுமி சுழி, பாடைச் சுழி, துடைப்பச் சுழி என்று பிரிப்பார்கள். பாடைச் சுழி என்று ஒருவர் சொல்லிவிட்டால் மாட்டின் விலை இறங்கிவிடும். வாங்கினால் வீட்டில் சாவு விழும் என்று அச்சம். இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஒரு ஏழையின் நல்ல மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளும் இந்த வழக்கத்தை நான் வெறுக்கிறேன். ஆனால் சுழி வெறும் ரோமம்தானா என்றால், அப்படியும் இல்லை. அமெரிக்க விலங்கியலாளர் டெம்பிள் கிராண்டினும் அவருடைய குழுவினரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் மாடுகள் அடைத்துப் பிடிக்கும்போது அதிகமாக முரண்டு பிடித்தன. கருவில் தோலும் மூளையும் ஒரே புறப்படலத்தில் இருந்து வளர்வதால் இந்தத் தொடர்பு இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். சுழி மாட்டின் குணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லக்கூடும். வாங்குகிறவரின் ஆயுளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இனி மூன்றாவது கேள்வி, யாருடைய நன்மைக்கு. 1981-ல் இத்தாலியில் லீச்சோ ஜெல்லி என்பவரிடம் நடந்த சோதனையில் பி-2 என்ற மேசன் மன்றத்தின் ரகசிய உறுப்பினர் பட்டியல் சிக்கியது. 962 பெயர்கள். அமைச்சர்கள், ராணுவத் தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள், வங்கியாளர்கள், பத்திரிகை முதலாளிகள். அரசாங்கமே கவிழ்ந்தது. அந்நியரை நம்புவதற்காகப் பிறந்த கைப்பிடி, வேண்டியவர்களுக்குக் கதவு திறக்கும் சாவியாகிவிட்டது. துண்டுக்கு அடியிலும் இந்த ஆபத்து உண்டு. விற்பவரும் வாங்குபவரும் நேராகக் கைபிடித்துக்கொண்டால் இருவருக்கும் விலை தெரியும். நடுவில் தரகர் இருவரிடமும் தனித்தனியாகக் கைபிடித்தால், ஒரு கையில் 40, இன்னொரு கையில் 43 என்று முடிய வாய்ப்பிருக்கிறது. நடுவில் நிற்கும் மூவாயிரத்தை அவர் தவிர யாரும் பார்க்கவில்லை. நாணயமான தரகர்கள் நிறையப் பேர், வாரம் தவறாமல் அதே சந்தையில் முகம் காட்ட வேண்டியவர்கள் என்பதாலும்தான். ஆனால் வாராவாரம் கைபிடிப்பவருக்கும் வருஷத்துக்கு ஒரு தரம் மாடு விற்பவருக்கும் நடுவில் உள்ள ஏற்றத்தாழ்வைத் துண்டு சரிசெய்யாது.

இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று, இரண்டு இடத்துக்கும் பொது. 1723 விதிநூல் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னது. ஆணும் பெண்ணும் சமமாகச் சேரும் மேசன் அமைப்பு பாரிஸில் 1893-ல்தான் பிறந்தது. பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் 1902-ல் அதில் சேர்ந்தார். மாட்டுச் சந்தையில் அப்படி எழுதி வைத்த விதி ஏதும் கிடையாது. எழுத வேண்டிய தேவையும் இல்லை. பேரம் தொடுகையில் நடக்கிறது. முன்பின் தெரியாத ஆணோடு துண்டுக்கு அடியில் கைகோக்க ஒரு பெண்ணால் நம் ஊரில் முடியாது. ஒட்டுக்கேட்க முடியாத வழி என்று மேலே வியந்தேனே, அதே வழி அவருக்கு மூடிய கதவு.

நாமக்கல், சேலம் கிராமங்களில் மாட்டுக்குத் தீவனம் வைப்பதும் சாணி அள்ளுவதும் கறப்பதும் பெரும்பாலும் பெண்கள். காலையிலும் மாலையிலும் பாலை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறார்கள். அங்கே கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான சத்து எவ்வளவு, லிட்டருக்கு என்ன விலை என்பதெல்லாம் அளந்து எழுதிக் கொடுக்கப்படுகிறது. தன் மாட்டின் பாலுக்கு இன்று எத்தனை ரூபாய் எத்தனை காசு என்று அந்தப் பெண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த மாட்டையே விற்ற விலை, சந்தைக்குப் போன ஆள் வீடு திரும்பி வாயால் சொன்னால்தான் அவருக்குத் தெரியவரும்.